போர்ச்சில் நூல் கட்டி அலைன்மெண்ட்: பழைய காரின் சக்கரக் கோணங்களை வீட்டிலேயே அளப்பது எப்படி?

ஒரே மோரிஸ் மைனர், ஒரே வாரம். பினாங்குத் தீவில் ஒரு டயர் கடை அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்கள்) பார்த்துக் கொடுத்த தாளில் முன் சக்கரங்களின் எண்கள் எல்லாம் பச்சை. பாலத்தைத் தாண்டி பட்டர்வொர்த்தில் வேறொரு கடைக்குப் போனால் அதே எண்களில் பாதி சிவப்பு. பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் குழம்பிப் போகிறார்கள். எந்தத் தாளை நம்புவது? வீட்டிலேயே அளந்து பார்த்துவிட முடியாதா?

முடியும். ஆனால் எல்லாக் கோணங்களையும் ஒரே நம்பிக்கையோடு அளக்க முடியாது. டோவை வீட்டில் மிகத் துல்லியமாக அளக்கலாம். கேம்பரைப் பொறுமையாகப் பார்த்தால் ஓரளவு சரியாகவே வரும். காஸ்டரைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த மூன்றிலும் பிழை பெரும்பாலும் அளவுகோலில் இருப்பதில்லை. எதிலிருந்து அளக்கிறோமோ அந்தத் தரையிலும் கோட்டிலும்தான் இருக்கிறது.

பச்சை, சிவப்பு விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். கடையின் அலைன்மெண்ட் கணினி தன்னிடம் உள்ள பட்டியலில் அந்த மாடலுக்கு எழுதியிருக்கும் எல்லையோடு ஒப்பிட்டுத்தான் நிறம் போடுகிறது. பட்டியலில் உங்கள் கார் இல்லையென்றால், கடைக்காரர் வேறு எதையாவது தேர்ந்தெடுத்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

மூன்று சொற்கள்

1. டோ: காரை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முன் சக்கரங்களின் முன் விளிம்புகள் பின் விளிம்புகளைவிட நெருக்கமாக இருந்தால் டோ-இன். கால் பெருவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி நிற்பது மாதிரி. விலகியிருந்தால் டோ-அவுட்.

2. கேம்பர்: காரை நேர் எதிரே நின்று பார்க்கும்போது சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. மேல் பகுதி வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ், உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ்.

3. காஸ்டர்: சைக்கிளின் முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கும் அல்லவா? கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். காரில் சக்கரம் திரும்பும் அச்சின் மேல் நுனி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவே காஸ்டர்.

சக்கரம் திரும்பும் அச்சு (கிங்பின்) காரை எதிரே நின்று பார்க்கும்போது உள்ளே சாய்ந்திருக்கும் அளவு, கிங்பின் சாய்வு என்று நான்காவது ஒன்றும் உண்டு. வீட்டில் அதைத் தொட வேண்டியதில்லை.

எது எதைக் கெடுக்கும்?

டயரை அதிகம் தின்பது டோ. 14 அங்குல ரிம்மின் வெளி விளிம்பு ஏறத்தாழ 390 மி.மீ. விட்டம். இரண்டு சக்கரமும் சேர்ந்து டோ 6 மி.மீ. தப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 3 மி.மீ. மூன்றை 390-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் சுமார் 7.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. 1985-இல் திறந்த பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கி.மீ. அதை ஒரு தடவை கடப்பதற்குள் ஒவ்வொரு முன் டயரும் நூறு மீட்டருக்கு மேல் குறுக்கே இழுபட்டிருக்கும். வாகனப் பரிசோதனையில் சக்கரம் ஏறிப் போகும் அந்த நகரும் தட்டு அளப்பதும் இதைத்தான். அதனால்தான் அதன் கணக்கும் கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர் என்று வருகிறது.

டோ கெட்டிருப்பதைக் கையாலேயே தெரிந்துகொள்ளலாம். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுங்கள். ரப்பர் விளிம்புகள் கையைக் குத்தினால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே வரும்போது குத்தினால் டோ-அவுட்.

ஆனால் கார் ஒரு பக்கமாக இழுப்பதற்கு டோ காரணமில்லை. ஓடும்போது இரண்டு சக்கரங்களும் டோவைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்டீயரிங் வேண்டுமானால் கோணலாக நிற்கும். கேம்பர் எந்தப் பக்கம் பாசிட்டிவாக அதிகமோ அந்தப் பக்கம் கார் போகும். காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் போகும். "இடப்பக்கம் இழுக்குது" என்று சொல்லி டை ராடை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும், டோவை மாற்றும் கம்பியை) திருகுவது வீண் வேலை.

தரைதான் முதல் கருவி

மலேசிய வரிசை வீடுகளின் போர்ச் சமதளம் கிடையாது. மழைத் தண்ணீர் வாசல் சாக்கடைக்கு ஓட வேண்டும் என்பதற்காகவே கேட் பக்கம் சரித்துக் கட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரிவு எண்களை என்ன பாடு படுத்துகிறது என்று ஒரு கணக்கில் பார்ப்போம்.

மோரிஸ் மைனரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 86 அங்குலம், அதாவது 2184 மி.மீ. அந்தத் தூரத்தில் போர்ச் 30 மி.மீ. இறங்குகிறது என்றால் சரிவு 0.8 டிகிரி. காரின் மூக்கு வீட்டைப் பார்த்து நின்றால் முன்பக்கம் உயர்ந்திருக்கும். உண்மையில் 3 டிகிரி உள்ள காஸ்டர் 3.8 என்று காட்டும். அதே காரை ரிவர்ஸில் ஏற்றி நிறுத்தினால் 2.2. காரில் ஒரு நட்டையும் தொடாமல் 1.6 டிகிரி மாறிவிட்டது!

குறுக்குச் சரிவு இன்னும் மோசம். இடது சக்கரம் வலதைவிட 10 மி.மீ. தாழ்வாக நின்றால் கார் முழுவதுமே 0.45 டிகிரி இடப்பக்கம் சாய்கிறது. இரண்டு பக்கமும் 1 டிகிரி கேம்பர் உள்ள காரில் இடது 1.45 என்றும் வலது 0.55 என்றும் வரும். பார்ப்பவர் உடனே "சப்ஃப்ரேம் வளைஞ்சிருக்கு" என்று முடிவு கட்டிவிடுவார்.

நான்கு சக்கரம் நிற்கும் இடங்களையும் சமன் பார்க்க, கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டம் போதும். கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஆறேழு மீட்டர் வாங்கித் தண்ணீரை நிரப்புங்கள். இரண்டு சொட்டு ரோஸ் சிரப் கலந்தால் மட்டம் பளிச்சென்று தெரியும். உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மட்டம் பொய் சொல்லும். மிக உயரமான மூலையை அடிப்படையாக வைத்து, மற்ற மூன்று இடங்களுக்கும் ஒட்டுப்பலகை, வினைல் தரைத் தகடு, பழைய டைல் என எதையாவது அடுக்கி உயர்த்துங்கள். இடங்களைப் பெயின்டால் குறித்து வைத்துவிட்டால் அடுத்த முறை இந்த வேலை இல்லை.

ஒரு ஆறுதல்: டோவை மட்டும் பார்ப்பதென்றால் சரிவைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டாம். மேடு பள்ளம் இல்லாமல் ஒரே சீராகச் சரிந்த தரையே போதும்.

அளப்பதற்கு முன்

1. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபார்க்கவும். போர்ச்சில் ஒரு பக்கம் மட்டும் வெயில் அடித்தால் அந்தப் பக்க டயரில் அழுத்தம் ஏறி, காரின் உயரமும் கொஞ்சம் மாறும்.

2. ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கும் கிங்பின்னும் பேசும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் முனைகள் பேசும். மோரிஸ் மைனரில் கீழே உள்ள ட்ரன்னியன் (சக்கரம் திரும்பும் மரையுள்ள மூட்டு) தேய்வது ஊரறிந்த வியாதி. ஆட்டம் இருக்கும் காரை அளப்பது, ஆடும் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி.

3. காரை இறக்கியவுடன் அளக்கக் கூடாது. தூக்கி இறக்கிய சக்கரம் ரப்பர் பிடிப்பினால் உள்ளே ஒடுங்கியபடியே நிற்கும். பின் சக்கரங்கள் அச்சோடு சேர்ந்தே மேலும் கீழும் ஆடும் ஊஞ்சல் அச்சு கொண்ட பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் பின் சக்கரங்கள் கால் மடக்கி நிற்பது தெருவிலிருந்தே தெரியும். மூன்று, நான்கு மீட்டர் முன்னால் உருட்டி, பம்பரை நாலு தடவை அழுத்தி விடுங்கள். கடைசி நகர்வு முன்னோக்கியதாக இருக்கட்டும்.

4. ஓட்டுநர் எடையோடு அளக்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. ஆறேழு 10 கிலோ அரிசி மூட்டைகளை ஓட்டுநர் சீட்டில் வைத்துவிடலாம். வீட்டில் என்ன கேள்வி வரும் என்பது தனிக் கதை.

5. ஸ்டீயரிங்கின் நடுவைக் கண்டுபிடியுங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்தி, கயிற்றால் கட்டிவிடுங்கள். ஸ்போக் நேராக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். முப்பது நாற்பது வருடத்தில் யாராவது ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டியிருப்பார்கள்.

நூல் பெட்டி

டோ அளக்க இரண்டு அலுமினியக் குழாய், நான்கு ஜாக் ஸ்டாண்ட், மெல்லிய நூல், அரை மில்லிமீட்டர் கோடு போட்ட எஃகு ஸ்கேல். நூலுக்குத் தூண்டிலில் போடும் தங்கூசிதான் சிறந்தது, தொய்வதில்லை. பினாங்கில் எந்தத் தூண்டில் கடையிலும் 'தாலி தங்சி' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

இரண்டு குழாய்களையும் காரின் அகலத்தைவிட ஓரடி நீளமாக, ஒரே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, இரு முனைகளிலும் ஒரே இடத்தில் அரத்தால் சிறு வெட்டுப் போடுங்கள். ஒரு குழாயைக் காருக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் ஸ்டாண்டின் மேல், சக்கர மைய உயரத்தில் வைத்து, வெட்டுகளில் நூலை இழுத்துக் கட்டினால் காரின் இரு பக்கமும் ஒரு நூல். இரண்டு குழாயிலும் வெட்டுகளுக்கு இடையிலான தூரம் ஒன்றுதான். ஆகவே இரு நூல்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தே தீரும். இந்த முறையின் அழகே இதுதான். இணையாக்க நீங்கள் எதுவும் அளக்க வேண்டியதில்லை.

அடுத்தது, இந்தப் பெட்டியைக் காரோடு நேர் செய்வது. முன் சக்கர மையத்திலிருந்து நூலுக்கு உள்ள தூரம் இடமும் வலமும் ஒன்றாக வரும்வரை முன் குழாயைத் தள்ளுங்கள். பின்பக்கமும் அப்படியே. முன்பக்கத் தூரமும் பின்பக்கத் தூரமும் ஒன்றாக வர வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பல கார்களில் முன் சக்கரங்களின் இடைவெளி வேறு, பின் சக்கரங்களின் இடைவெளி வேறு. முன்பக்கம் 20 மி.மீ. அகலம் அதிகம் என்றால், பின் சக்கரம் ஒவ்வொரு பக்கமும் நூலிலிருந்து 10 மி.மீ. கூடுதலாகத் தள்ளி நிற்கும். அது சரியான நிலைதான். பெட்டியை நேர் செய்யும்போது ஒரு குழாயைத் தள்ளினால் மற்ற முனையின் அளவும் கொஞ்சம் நகரும் என்பதால், மூன்று நான்கு தடவை முன்னும் பின்னும் நடக்க வேண்டியிருக்கும். பொறுமை போகும் இடம் இது. குழந்தைகளும் பூனையும் நூலில் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அளவு. சக்கர மைய உயரத்தில், நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கு ஓர் அளவு, பின் விளிம்புக்கு ஓர் அளவு. முன் அளவு அதிகமாக இருந்தால் அந்தச் சக்கரம் டோ-இன். இடது 1 மி.மீ., வலது 1.5 மி.மீ. என்றால் மொத்த டோ-இன் 2.5 மி.மீ.

பழைய எஃகு ரிம் ஒன்றாவது கொஞ்சம் கோணியிருக்கும். அதைக் கழிக்க ஒரு வழி: ரிம்மின் பின் விளிம்பில் சாக்பீஸால் குறி போட்டு, அந்தக் குறியில் முதல் அளவு. காரை முன்னால் உருட்டி அதே குறி முன்பக்கம் வந்ததும் இரண்டாவது அளவு. கார் நகர்ந்தால் நூல் பெட்டியையும் திரும்ப நேர் செய்ய வேண்டும், உண்மைதான். ஆனால் ரிம் எவ்வளவு கோணியிருந்தாலும் அளப்பது ஒரே புள்ளி என்பதால் கோணல் இரண்டிலும் சமமாக வந்து கழிந்துவிடும்.

பின் சக்கரங்களையும் அளந்துவிடுங்கள். இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே கெட்டி அச்சு இணைக்கும் காரில் இடது பின் சக்கரம் டோ-இன், வலது அதே அளவு டோ-அவுட் என்று வந்தால், அச்சே கோணலாக உட்கார்ந்திருக்கிறது. இலை ஸ்பிரிங்கின் நடு போல்ட் உடைந்தாலோ பழைய விபத்தில் நகர்ந்திருந்தாலோ இப்படி வரும். கார் நண்டு மாதிரி ஒரு பக்கமாக நடக்கும். முன்பக்கம் என்ன திருகினாலும் அது சரியாகாது.

எல்லாவற்றையும் மூன்று முறை அளக்கவும். எண்கள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். அளக்கும் முறையில் ஏதோ ஆடுகிறது.

கேம்பரும் காஸ்டரும்

கேம்பருக்குத் தூக்குக் குண்டு போதும். சக்கரத்துக்கு வெளியே நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து கழியுங்கள். 14 அங்குல ரிம்மில் 6.8 மி.மீ. வித்தியாசம் 1 டிகிரி. மேல் விளிம்பு நூலுக்கு நெருக்கமென்றால் பாசிட்டிவ். கைப்பேசியின் சாய்மானியையும் பயன்படுத்தலாம். ஒரு நேர்ப்பட்டையை ரிம்மில் வைத்து அதன் மேல் கைப்பேசியை வைத்துப் பார்த்துவிட்டு, கைப்பேசியைத் திருப்பி வைத்து மறுபடி பார்த்து, சராசரி எடுத்தால் அதன் சொந்தப் பிழை போய்விடும்.

காஸ்டரை நேரடியாகத் தொட்டு அளக்க இடமில்லை. முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு டைல்களைக் கிரீஸ் தடவி முகத்தோடு முகம் வைத்து, சக்கரம் எளிதாகத் திரும்பும்படி செய்யுங்கள். சக்கரத்தின் முன்பகுதியை 20 டிகிரி வெளியே திருப்பிக் கேம்பர் பார்க்கவும். பிறகு 20 டிகிரி உள்ளே திருப்பிப் பார்க்கவும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர் ஏறத்தாழ வந்துவிடும். கேம்பரில் செய்யும் பிழையும் இங்கே ஒன்றரை மடங்காகிறது என்பதை மறக்க வேண்டாம். எனவே வீட்டு காஸ்டர் எண்ணை இடதும் வலதும் ஒன்றா என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

மோரிஸ் மைனரில் கேம்பருக்கும் காஸ்டருக்கும் திருகே கிடையாது. கையேடு கேம்பர் 1 டிகிரி, காஸ்டர் 3 டிகிரி என்கிறது. உங்கள் கார் அதிலிருந்து விலகி நின்றால் புஷ் (மூட்டுகளில் உள்ள ரப்பர் உறை) நைந்திருக்கிறது, ட்ரன்னியன் தேய்ந்திருக்கிறது அல்லது ஏதோ வளைந்திருக்கிறது. "சரி பண்ணித் தர்றோம்" என்று யாராவது சொன்னால் எதைத் திருகப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கையேட்டு எண்ணை எப்படிப் படிப்பது?

இதே காருக்கு டோ-இன் 3/32 அங்குலம், அதாவது 2.4 மி.மீ. எங்கே அளந்த 2.4 என்பதுதான் கேள்வி. 390 மி.மீ. ரிம் விளிம்பில் அது கோணக் கணக்கில் 21 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி). 600 மி.மீ. டயர் விளிம்பில் 14 நிமிடம்தான். கடைத் தாள் டிகிரியில் பேச, கையேடு அங்குலத்தில் பேச, இரண்டுக்கும் நடுவே ஒரு விட்டம் இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. இரண்டு தாள்கள் முரண்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று டயர். அந்தக் காலக் கையேடுகள் பல, உள்ளே இழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து போகும் கிராஸ்-பிளை என்ற பழைய வகை டயருக்காக எழுதியவை. இன்று பெரும்பாலும் ஓடுவது ரேடியல் என்ற இன்றைய வகை டயரில். ரேடியலுக்குப் பொதுவாக டோ-இன் குறைவாகப் போதும். கையேட்டின் பிந்தைய பதிப்பில் ரேடியலுக்குத் தனி எண் இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் சொன்ன அளவின் கீழ்ப்பக்கமாக வைத்துத் தொடங்குங்கள்.

டோ-இன் ஏன் வேண்டும் என்பது தெரிந்தால் இதற்குக் காரணமும் புரியும். பின் சக்கரம் தள்ளும் காரில், ஓடும்போது சாலை முன் சக்கரங்களைப் பின்னோக்கி இழுக்கிறது. புஷ்கள் விட்டுக்கொடுக்க, சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிகின்றன. நிற்கும்போது உள்ளே வைத்தது ஓடும்போது நேராகிறது. முன் சக்கரமே இழுக்கும் கார்களில் விசை எதிர்த்திசையில் வருவதால் டோ பூஜ்யத்தை ஒட்டி, சிலவற்றில் சற்று வெளியே இருக்கும். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா முன் சக்கர இழுவை. அதற்கு மைனரின் பழக்கத்தில் 2.4 மி.மீ. வைத்துவிடக் கூடாது.

திருகிய பிறகு

டை ராடை அசையாமல் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க டை ராடையும் சம அளவு திருகுங்கள், ஒரு தடவைக்குக் கால் சுற்று. ஒரே பக்கமாகத் திருகினால் மொத்த டோ சரியாக வரும், ஸ்டீயரிங் ரேக் நடுவிலிருந்து விலகிவிடும். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் காரை உருட்டிவிட்டு அளக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போதே டோ கொஞ்சம் நகர்வதுண்டு. கடைசி அளவு இறுக்கிய பிறகு எடுத்ததாக இருக்கட்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். தண்ணீர் வடிவதற்காகச் சாலையும் இடப்பக்கம் சரிகிறது. கையை விட்டால் கார் மெல்ல இடது ஓரம் போவது இயல்பு. காலி வாகன நிறுத்துமிடம் மாதிரி சமமான இடத்திலும் இழுக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால் தூக்குக் குண்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் கேம்பருக்குப் போங்கள்.